அமேசானும் கூகுளும்: புரோகிராம் மேனேஜர் நேர்காணல் ஒப்பீடு

பல அணிகளின் வேலையை ஒருங்கிணைக்கும் புரோகிராம் மேனேஜர் பணிக்கு அமேசான், கூகுள் ஆகிய இரு நிறுவனங்களிலும் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பவர்கள், ஒரே வகையான தயாரிப்பு இரண்டிற்கும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது.

அமேசானில் கேள்விகள் பெரும்பாலும் கடந்தகால அனுபவத்தைப் பற்றியவை. ஊழியர்கள் எப்படிச் செயல்பட வேண்டும் என்று அந்நிறுவனம் வகுத்துள்ள, 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்த தலைமைத்துவக் கோட்பாடுகளை நேர்காணல் செய்வோர் தமக்குள் பகிர்ந்துகொண்டு, அவற்றுக்கு விண்ணப்பதாரரின் பணி அனுபவத்திலிருந்து சான்று கேட்பார்கள். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் பதில் அமைவதை விரும்புவார்கள். 'நாங்கள் முடித்தோம்' என்று சொன்னால், அதில் உங்கள் பங்கு எது என்ற கேள்வி அடுத்து வரும். பல அணிகளின் உழைப்பை ஒருங்கிணைப்பதே இப்பணியின் இயல்பு என்பதால், தம் பங்கைத் தனியே பிரித்துச் சொல்வது உண்மையிலேயே கடினம். பயிற்சியின் பெரும்பகுதியை இதற்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேர்வின் தரம் குறையாமல் பார்த்துக்கொள்வதற்காக, பணியமர்த்தும் அணிக்கு வெளியிலிருந்து வரும் 'பார் ரெய்சர்' என்ற நேர்காணலாளர் ஒருவரும் குழுவில் இருப்பார். அவருடைய மதிப்பீட்டுக்குத் தனி எடை உண்டு.

கூகுளில் அனுபவக் கேள்விகளோடு கற்பனைச் சூழல்களும் சேர்கின்றன. வெளியீட்டுத் தேதி நெருங்கும் வேளையில் நீங்கள் நம்பியிருக்கும் அணி பின்வாங்கினால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்வியில், முடிவான விடையைவிட, எந்தத் தகவலை முதலில் தேடுகிறீர்கள், எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்ற சிந்தனைப் போக்கே கவனிக்கப்படும். நேர்காணல் செய்தவர்களின் எழுத்துக் குறிப்புகளைத் தனிக் குழு ஒன்று பரிசீலிக்கும் வழக்கம் இருப்பதால், காரணங்களை வாய்விட்டுத் தெளிவாகச் சொல்வது நல்லது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் அமேசானுக்கான அனுபவக் கதைகளை முதலில் தயாரிக்கலாம். அவற்றில் பல கூகுளிலும் பயன்படும்.