சர்வீஸுக்குக் கொடுத்த கணினியில் அட்மின் யார் என்று பாருங்கள்

வீட்டுக் கணினியை வெளியில் கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குச் செய்து கொடுத்தவர் வேலையில் குறை வைக்கவில்லை. கணினி ஜம்மென்று ஓடியது. என் பெயரில் ஒரு கணக்கு, நான் சொன்ன பாஸ்வேர்ட், எல்லாம் சரி.

பிரிண்டர் மென்பொருளை நிறுவப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி வந்தது. வழக்கமாக 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள்தானே இருக்கும்? இதில் அந்த சர்வீஸ் ஆளின் பெயர், அதற்குக் கீழே பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம். என் பாஸ்வேர்டை ஏற்கவில்லை. போன் செய்தால், "அது உங்க சேஃப்டிக்குத்தான் சார். எது இன்ஸ்டால் பண்ணணும்னாலும் கூப்பிடுங்க, வந்து போட்டுத் தர்றேன்" என்றார். வந்தார், போட்டார், வருகைக் கட்டணம் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் மகளின் வகுப்புக்கு ஒரு செயலி தேவைப்பட்டது. அதற்கும் அதே கதை. பாஸ்வேர்டைக் கேட்டால் "கொடுத்தா வாரண்ட்டி போயிடும் சார்" என்கிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தமோ!

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். அன்றாடப் புழக்கத்துக்கு, எனக்குப் போட்டுக் கொடுத்தது போன்ற ஸ்டாண்டர்ட் கணக்கு, அதாவது அதிகாரம் குறைந்த சாதாரணக் கணக்கு நல்லதுதான். தெரியாமல் எதையாவது கிளிக் செய்தாலும் கணினி முழுவதையும் அது தொட முடியாது. ஆனால் எதையும் நிறுவவும் மாற்றவும் அதிகாரமுள்ள அட்மின் கணக்கு ஒன்று வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். இங்கே வீட்டைக் கட்டிய கொத்தனாரே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அட்மினாக இருப்பவர் மற்றவர்களின் கோப்புறைகளைத் திறக்கலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளையும் போட்டு வைக்கலாம். எங்கள் கணினியில் அப்படி நடந்தது என்று சொல்லவில்லை. நடந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. சிலர் தங்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே நுழைந்து விண்டோஸை அமைத்துக் கொடுக்கிறார்கள். டிஸ்க் குறியாக்கம் (டிஸ்க்கில் உள்ளதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது) தானாக இயங்கும் கணினி என்றால், அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் அவர் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். என்றைக்காவது கணினி அந்த எண்ணைக் கேட்டால், உங்கள் போட்டோக்களுக்காக அவரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

அதனால் பணம் கொடுக்கும் முன், அவர் எதிரிலேயே செட்டிங்ஸில் கணக்குகள் பகுதியைத் திறந்து, உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருக்கிறதா பாருங்கள். மற்ற பயனர்கள் பட்டியலில் அறிமுகமில்லாத பெயர் இருந்தால் அங்கேயே நீக்கச் சொல்லுங்கள். உள்நுழையும் திரையில் தெரியாதபடி ஒரு கணக்கை ஒளித்துவைக்கவும் முடியும் என்பதால் அந்தத் திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

நாங்கள் கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு, விண்டோஸை மறுபடி முதலிலிருந்து போட்டோம். நிறுவும்போது உருவாகும் முதல் கணக்குதான் அட்மின். அதை நாங்களே உருவாக்கி, தினசரி வேலைக்கு ஆளுக்கொரு ஸ்டாண்டர்ட் கணக்கு வைத்துக்கொண்டோம். அதற்கு முன் அந்த மனிதரிடமே பேசிப் பார்க்காமல் இல்லை. உங்கள் கணக்கை நீக்கிவிட்டு என்னை அட்மினாக மாற்றிக் கொடுங்கள் என்றேன். செய்கிறேன், ஆனால் அதற்கும் வருகைக் கட்டணம் உண்டு என்றார்.