"ஃபீடு பம்ப் மட்டும்தான்": ஓடாத டீசல் அம்பாசடரை வாங்கி ஏமாந்தது எப்படி?

புதுக்கோட்டைக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் ஆறு ஆண்டுகளாக நின்றிருந்த 1996-ஆம் ஆண்டு அம்பாசடர் நோவா டீசல் கார் ஒன்றை, 2025 அக்டோபரில் 85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வண்டி ஓடாது என்பது தெரிந்தேதான் வாங்கினேன். ஆகவே ஓடாத வண்டியை ஓடும் வண்டி என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் புகார் சொல்ல முடியாது. அது ஓடாததற்கு ஒரே ஒரு காரணம்தான் என்று என்னை நம்பவைத்தார்கள், அதில்தான் ஏமாந்தேன். இதே போன்ற பேரத்தில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தரகரின் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. அவரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

தரகர் சொன்னது இதுதான்: "அண்ணே, எஞ்சின் தங்கம். ஃபீடு பம்ப் மட்டும்தான் போச்சு. மூவாயிரம் ரூபா வேலை." டாங்கியிலிருந்து டீசலை இழுத்து, அதை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தள்ளும் சிறிய பாகம்தான் ஃபீடு பம்ப். அது கெட்டால் வண்டி ஓடாது என்பதும், அதைச் சரிசெய்ய அதிகம் செலவாகாது என்பதும் உண்மை. பொய்க்கு அடியில் இப்படி ஒரு உண்மை இருந்ததால்தான் நான் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. மூவாயிரம் ரூபாய் வேலையை முடித்து ஓட்டிக் காட்டினால் ஐம்பதாயிரம் கூடுதலாகக் கேட்கலாம் என்று தெரிந்த ஒரு தரகர், அந்த வேலையைச் செய்யாமல் ஏன் விற்கிறார் என்ற கேள்வியை, பணம் கொடுத்து மூன்று வாரம் கழித்து என் மனைவிதான் கேட்டார்.

நான் சந்தேகப்படவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எஞ்சின் ஜாம் ஆகியிருக்குமோ என்று கேட்டேன். உடனே தன் டிராக்டரின் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி, சாவியைத் திருப்பிக் காட்டினார். எஞ்சின் தையல் இயந்திரம் போலத் தடையே இல்லாமல் சரசரவென்று சுற்றியது. "பாத்தீங்களா, எவ்ளோ ஃப்ரீயா சுத்துது" என்றார். நானும் மகிழ்ந்துபோனேன். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இந்த இடத்தை மறக்க வேண்டாம். நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சினை ஸ்டார்ட்டர் மோட்டார் அப்படிச் சுலபமாகச் சுற்றவே முடியாது. பெட்ரோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. இது போன்ற பழைய டீசல் எஞ்சினில் காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கி, அந்த நெருக்கத்தில் பிறக்கும் வெப்பத்தால்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு பிஸ்டனும் மேலே வரும்போது ஸ்டார்ட்டர் திணற வேண்டும், "கும்... கும்... கும்..." என்று சீரான இடைவெளியில் முக்கும் ஒலி கேட்க வேண்டும். நான்கில் ஒரு சிலிண்டர் மட்டும் பழுதென்றால் அந்தத் தாளம் நொண்டும். தாளமே இல்லையென்றால் அங்கே கம்ப்ரஷன், அதாவது அந்த நெருக்கம், இல்லை என்று பொருள்.

கம்ப்ரஷன் ஏன் இல்லை என்பது, திருச்சியில் எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவரின் பட்டறையில் வண்டியை இறக்கிய அன்றே தெரிந்தது. பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தவர், "தம்பி, ஹீட்டர் பிளக் எங்க?" என்றார். குளிர்ந்த எஞ்சின் கிளம்ப உதவியாகச் சிலிண்டருக்கு ஒன்றாக மாட்டிச் சூடேற்றும் நான்கு ஹீட்டர் பிளக்குகளும் கழற்றப்பட்டிருந்தன; துளைகள் திறந்து கிடக்க, அவற்றின் ஒயர்கள் மட்டும் பிளக்கில் மாட்டியது போலவே அந்த இடத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. துளைகள் வழியே காற்று வெளியேறிவிடுவதால், எந்த எஞ்சினும் அப்படித்தான் சரசரவென்று சுற்றும். தோப்பில் வண்டி சுற்றியபோது "புஸ் புஸ்" என்று ஒரு சத்தம் வந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அது சைலன்சர் ஓட்டையாக இருக்கும் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

புது ஹீட்டர் பிளக்குகளை மாட்டி கம்ப்ரஷனை அளக்கும் டீசலுக்கான கேஜை வைத்துப் பார்த்தார். இந்த வகை எஞ்சினில் அழுத்தம் ஏறக்குறைய 400 பி.எஸ்.ஐ. இருந்தால் மனம் நிம்மதி அடையலாம். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்கள் 300-ஐ ஒட்டி நின்றன. மூன்றாவது சிலிண்டர் 90-ஐத் தாண்டவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது கதை முழுதாக விளங்கியது. ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் விட்டுப்போய், மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் துளையான போருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த ஈரத்தோடு வண்டி வருடக்கணக்கில் நின்றதால் பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. பிறகு யாரோ மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி ஊறவைத்து, நெம்பிச் சுற்றி விடுவித்திருக்கிறார்கள். போரின் சுவரில் நகத்தால் தடவினாலே தெரியும் அளவுக்குக் கோடுகள் இருந்தன. அதாவது எஞ்சின் ஜாமா என்ற என் கேள்வி வரும் என்பதை எதிர்பார்த்து, அதற்கான விடை முன்கூட்டியே தயார் செய்யப்பட்டிருந்தது.

ஃபீடு பம்ப் கதையைத் தோப்பிலேயே சோதித்திருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஒரு கேனில் இரண்டு லிட்டர் சுத்தமான டீசலை ஊற்றி, பானெட்டைவிட உயரமான இடத்தில் வைத்து, ஒரு குழாய் வழியே ஃபீடு பம்பைத் தவிர்த்து ஃபில்டருக்கு நேராக இறங்கச் செய்து, குழாயில் சிக்கிய காற்றை (ஏர் லாக்) எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை அடித்தால், ஃபீடு பம்ப் மட்டுமே குறை என்றால் வண்டி கிளம்பியாக வேண்டும். மொத்தம் இருபது நிமிட வேலை. கிளம்பவில்லை என்றால் "மட்டும்தான்" என்ற சொல் பொய். அந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

இதைவிடப் பெரிய கணக்குப் பிழை ஒன்றை நான் செய்தேன், அதில் தரகருக்குப் பங்கில்லை. ஓடும் பழைய வண்டியை இருபது கிலோமீட்டர் ஓட்டினால் அது தன் நோய்களை எல்லாம் சொல்லிவிடும். புகை சொல்லும், ஆயில் பிரஷர் சொல்லும், இரண்டாவது கியர் துள்ளி வெளியே வரும், ஏற்றத்தில் சூடேறும். நின்றுபோன வண்டி எதையும் சொல்லாது. கியர்பாக்ஸ், கிளட்ச், டிஃபரன்ஷியல், ரேடியேட்டர், பிரேக் என எதைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாத நிலையில், அவை எல்லாம் நன்றாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு ஃபீடு பம்பின் மூவாயிரத்தை மட்டும் விலையில் கழித்துப் பேரம் பேசினேன். எஞ்சினே இல்லாத வண்டி என்று எண்ணி விலை பேசியிருந்தால் 30,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்திருக்க மாட்டேன். அம்பாசடரில் வண்டியைத் தாங்கும் சட்டகமாகத் தனியே சேஸ் கிடையாது, உடலே சேஸ். தோப்பின் ஈரத்தில் பின்புற ஸ்பிரிங் மாட்டும் இடத்தைத் துரு தின்றிருந்ததும், மேலே பட்டி பூசி மறைத்திருந்ததும் வாங்கிய பின்னர்தான் தெரிந்தது.

லேத் வேலை, பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங், இன்ஜெக்‌ஷன் பம்ப் காலிபரேஷன், நாசில், டிங்கரிங் என்று எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் ஆகும் என்றார் மெக்கானிக். மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டதால், சில பாகங்களைச் சென்னை புதுப்பேட்டையில் தேடித்தான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆசை யாரை விட்டது? செய்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். பிளாக்கை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவியபோது அந்த நினைப்பும் போனது. பிளாக்கில் இருந்த எஞ்சின் எண்ணும் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றுப் புத்தகத்தில் இருந்த எண்ணும் வேறு வேறு. எப்போதோ வேறொரு வண்டியின் எஞ்சினை இதில் ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி இத்தகைய மாற்றத்தை ஆர்.சி.யில் பதிந்திருக்க வேண்டும், பதியவில்லை. வாங்கும் முன் நான் சேஸ் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எஞ்சின் எண் இருக்கும் இடத்தில் விரல் கனத்துக்குக் கிரீஸ் அப்பியிருந்ததால், கை அழுக்காகும் என்று விட்டுவிட்டேன்.

ஆர்.சி.யின் ஆயுள் 2021-லேயே முடிந்திருந்தது என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அதன் பொருள் தெரியாது. முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்தப் பதிவுக்கு, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும். கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகி, 2025 ஆகஸ்டில் இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. இத்தனையும் கட்டினாலும் பெயர் மாறாது என்பது கடைசியாக வந்த இடி. பெயர் மாற்றத்துக்காகத் தரகர் கொடுத்த 29, 30 படிவங்களில் உரிமையாளரின் கையெழுத்து இருந்தது. அந்த முகவரிக்குப் போனபோது, அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆயிற்று என்று அவருடைய மகள் சொன்னார். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு 31-ஆம் படிவத்தின் மூலம் முதலில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகுதான் விற்க முடியும். அந்த அம்மையாருக்கு வண்டி விற்கப்பட்ட செய்தியே தெரியவில்லை. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் "இடத்தை அடைக்கிறது" என்று அப்புறப்படுத்தியதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

தரகரிடம் திரும்பப் போனேன். கோபப்படவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார். நான் கையெழுத்திட்ட இருபது ரூபாய் பத்திரத்தின் நகலை எடுத்துக் காட்டினார். "இருக்கும் நிலையில் பார்த்துத் திருப்தியடைந்து" என்ற வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தேன். பத்திரத்தில் விற்பவர் என்று இறந்தவரின் பெயர்தான் இருந்தது, தரகர் வெறும் சாட்சி. அந்தப் பத்திரத்தோடு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த புகாருக்கு மனு ரசீது மட்டும் கிடைத்திருக்கிறது.

வண்டி விலை 85,000, ரெக்கவரி வேனுக்கு 9,000, பிரித்துப் பார்த்ததற்கும் ஹீட்டர் பிளக்குகளுக்கும் 8,500. பாகங்களை விற்கக்கூட எனக்கு உரிமை இல்லை என்பதால், வண்டியை வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்பதை அந்த மகளின் முடிவுக்கே விட்டிருக்கிறேன். இப்போதைக்கு அது பட்டறையின் பின்புறம் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. மாதம் 500 ரூபாய் இட வாடகை கேட்கிறார் மெக்கானிக்.