ஏற்காடு, சேலம் பக்கம் நாய் வளர்க்கிறவங்க படிங்க: "வலியே இல்லாம அனுப்பி வைப்போம்"னு 18,500 வாங்கிட்டு பண்ண அநியாயம்

18,500 ரூபா. முழுசும் அட்வான்ஸா யுபிஐ-ல வாங்கிட்டாங்க. எங்க நாய் வீரா வலியில்லாம போகணும்னு, கருணைக்கொலை ஊசிக்காக குடுத்த காசு. போன வாரம் நடந்தது இது, எங்கப்பா இன்னும் சரியா சாப்பிடல, எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு இத எழுதியே ஆகணும். கம்ப்ளைன்ட் குடுத்திருக்கோம், அதனால அந்த கம்பெனி பேரு போடல. ஆப்ல புக் பண்ணா வீட்டுக்கே டாக்டர அனுப்புற டைப்பு, அவ்ளோதான் இப்ப சொல்ல முடியும்.

வீரா ராட்வீலர் கிராஸ், 11 வயசு, 34 கிலோ. முன்னங்கால்ல வீக்கம் வந்து நொண்ட ஆரம்பிச்சான், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கூட்டிட்டுப் போனோம், எக்ஸ்ரேல எலும்பு கேன்சர்னு தெரிஞ்சுச்சு. பெரிய சைஸ் நாய்ங்களுக்கு அதிகமா வர்றது இது, ஆஸ்டியோசார்கோமான்னு சொல்றாங்க. நெஞ்சு எக்ஸ்ரேல நுரையீரல்லயும் பரவியிருந்துச்சு, கால எடுத்தாலும் பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க. அங்க இருந்த டாக்டரம்மா பொறுமையா உக்காந்து எல்லாத்தையும் சொன்னாங்க. வலிக்கு மெலாக்சிகாம் சாப்பாட்டோட தினம் ஒரு வேளை, கூடவே கபாபென்டின். நாம தலைவலிக்கு முழுங்குற ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் நாய்க்கு குடுக்கக் கூடாது, வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும், கிட்னி போயிடும். மெலாக்சிகாம் ஓடுறப்ப எவனாச்சும் ஸ்டீராய்டு ஊசி போட வந்தா விடாதீங்கன்னும் சொன்னாங்க. பூனைக்கு பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிர எடுத்துடுமாம்.

இன்னொன்னும் சொல்லிக் குடுத்தாங்க. ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்க கால்நடை டாக்டர் போட்ட கணக்கு: வலி, பசி, தண்ணி, சுத்தம், சந்தோஷம், நடை, நல்ல நாள் அதிகமா கெட்ட நாள் அதிகமான்னு 7 விஷயம், ஒவ்வொன்னுக்கும் 10 மார்க். மொத்தம் 35-க்கு கீழ போயிட்டா நாம பிடிச்சு வச்சுக்கிறது அதுக்காக இல்ல, நமக்காகன்னு சொன்னாங்க. நானும் அப்பாவும் காலண்டர்ல எழுதிட்டே வந்தோம். ராத்திரியெல்லாம் இளைப்பு, தொட்டா உறுமல், கறிசோறக்கூட மோந்து பாத்துட்டு திரும்பிக்கிறது. ஒரு கட்டத்துல 35-அ தொடவே இல்ல.

நாமக்கல்லுக்கே கொண்டு போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. அவன தூக்கினாலே அலறுறான், ஏற்காட்டுல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு எறக்கி, அதுக்கு மேல அவ்ளோ தூரம் கார்ல உருட்டிக்கிட்டு போறது எப்படிங்க? அதனாலதான் வீட்டுக்கு வர்றவங்கள தேடினேன்.

போன்ல பேசின பொண்ணு அவ்ளோ தன்மையா பேசுச்சு. முதல்ல கேட்டதே "அவன் பேரு என்னங்க மேடம்"னுதான். அப்புறம் பேச்சுக்கு பேச்சு "நம்ம வீரா, நம்ம வீரா"ன்னே சொல்லுச்சு. "அவனுக்கு பிடிச்சது எதாச்சும் பக்கத்துல வச்சுக்கோங்க மேடம், உங்கப்பா மடியிலயே தலைய வச்சு தூங்கிடுவான், அவனுக்கு ஒன்னுமே தெரியாது." ஸ்பீக்கர்ல கேட்டுட்டிருந்த அப்பா துண்டால கண்ண தொடச்சிக்கிட்டு உள்ள போயிட்டாரு. நான் விடாம கேட்டேங்க, ரெஜிஸ்டர்டு டாக்டர்தான வருவாரு, முதல்ல மயக்கம் குடுத்துட்டுதான ஊசி போடுவீங்கன்னு. "நூறு பர்சென்ட் மேடம், சீனியர் டாக்டர், மயக்கம், ஊசி, குழி வெட்டி அடக்கம், சர்டிபிகேட் எல்லாம் சேத்து 18,500, பேமென்ட் வந்தாதான் ஸ்லாட் கன்ஃபர்ம் ஆகும்." அனுப்பிட்டேன்.

வந்தது பைக்ல ஒரே ஒரு ஆளு. ஸ்டெதஸ்கோப் இல்ல, எடை எவ்ளோன்னு கேக்கல, நாமக்கல் பேப்பர நீட்டினா வாங்கக்கூட இல்ல. தொடையில ஒரு ஊசி போட்டான், வீரா வாந்தி எடுத்தான், தள்ளாடி படுத்தான். முழுசா மயங்கல, நான் கூப்பிட்டா காது அசையுது. "தம்பி, இன்னும் முழிச்சிருக்கானேப்பா"ன்னு அப்பா சொல்றாரு, அந்த ஆளு "அதெல்லாம் ஆயிடும் சார், மழை வருது, நான் கீழ எறங்கணும்"னு சொல்லிக்கிட்டே ரெண்டாவது ஊசிய கால்ல குத்துறான். கேனுலா (நரம்புல சொருகி வைக்கிற சின்ன குழாய்) கூட போடல, வெறும் ஊசி. நரம்பு கிடைக்காம திரும்பத் திரும்ப குத்தி பாதி மருந்து தோலுக்கடியில போயி கால் பொம்முன்னு வீங்கிடுச்சு. வீரா கத்தின கத்து பக்கத்து எஸ்டேட் லைன் வீடுங்க வரைக்கும் கேட்டு ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. பதினோரு வருஷத்துல அவன் அப்படி கத்தி நாங்க கேட்டதே இல்ல. "அரை மணி நேரத்துல போயிடும் மேடம்"னுட்டு அந்த ஆளு பைக்க எடுத்துட்டு போயிட்டான்.

வீரா போகல. சாயங்காலம் கண்ண முழிச்சு எந்திரிக்கப் பாத்தான், முடியல. அப்பத்தான் தெரிஞ்சவங்க மூலமா அரசு கால்நடை டாக்டர் ஒருத்தர் டூட்டி முடிஞ்சும் மழையோட வந்தாரு. கீழ கெடந்த காலி ஊசி மருந்து ஆம்பூல டார்ச் அடிச்சு படிச்சாரு, மெக்னீசியம் சல்பேட். மனுஷங்களுக்கு பிரசவ வார்டுல வலிப்புக்கு போடுற மருந்துங்க அது. "இது மயக்க மருந்தே இல்லம்மா, தசைய முடக்கி மூச்ச நிறுத்தும், ஆனா நாய் முழிப்போடதான் இருக்கும்"னாரு. அமெரிக்க கால்நடை மருத்துவ சங்கத்தோட 2020 வழிகாட்டியிலயும் நெனவோட இருக்கிற மிருகத்துக்கு இத போடவே கூடாதுன்னுதான் இருக்கு, நானே தேடிப் படிச்சேன்.

அவர் செஞ்சத பாத்தப்பதான் இதுதான் முறைன்னு புரிஞ்சுச்சு. எடை கேட்டு முதல்ல மயக்க ஊசி போட்டாரு, கால கிள்ளிப் பாத்தாரு, அசைவு இல்லன்னு தெரிஞ்சப்புறம் இன்னொரு கால்ல கேனுலா போட்டாரு. தயோபென்டோன்னு ஒரு மயக்க மருந்து, மஞ்சள் பவுடர் பாட்டில், எங்க கண்ணு முன்னாடியே தண்ணியில கலக்கி மெதுவா ஏத்தினாரு. கண்ணு மூடாது, கடைசியில ஒன்னு ரெண்டு தடவை மூச்சு இழுக்கிற மாதிரி இருக்கும், அது வலியில்ல, பயப்படாதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாரு. நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சு ரொம்ப நேரம் கேட்டுட்டுதான் எந்திரிச்சாரு. சில நிமிஷம்தாங்க ஆச்சு. காலையிலயே இப்படி நடந்திருக்க வேண்டியது. பைசா வாங்கிக்கல அந்த மனுஷன். குழி வெட்டினதும் லைன் வீட்டு பசங்கதான், 18,500-ல அடக்கமும் சேத்தின்னாங்களே, ஒருத்தனும் வரல.

மறுநாள் போன் பண்ணா அந்த "நம்ம வீரா" பொண்ணு லைன்லயே இல்ல. வேற ஒருத்தர், "எல்லா பெட்டுக்கும் மயக்கம் ஒரே மாதிரி வேலை செய்யாது மேடம்." அடுத்த ஆளு, "அவர் எங்க ஸ்டாஃப் இல்ல, பார்ட்னர்." சரி, அந்த பார்ட்னரோட ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் குடுங்கன்னா, "பிரைவசி பாலிசிப்படி ஷேர் பண்ண முடியாது." என்ன மருந்து போட்டீங்கன்னு எழுதிக் குடுங்கன்னா பதிலே இல்ல. 18,500-அ திருப்பிக் கேட்டா, "சிஸ்டம்ல சர்வீஸ் கம்ப்ளீட்டட்னு இருக்கு மேடம், ரீஃபண்ட் வராது." ரொம்ப சத்தம் போட்டப்புறம் ஒரு மெசேஜ் வந்துச்சு, குளிப்பாட்டி முடி வெட்ட 500 ரூபா கூப்பன். இப்பத்தான் பொதைச்சிட்டு வந்த வீட்டுக்கு அனுப்புறாங்க இத! அப்பாகிட்ட நான் இன்னும் காட்டல.

இதுல இன்னொரு வயித்தெரிச்சல். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, அதுல முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபா வரைக்கும்தான். ஐம்பது ரூபா! எங்ககிட்ட வாங்கினது 18,500.

நீங்க யாராச்சும் இந்த நெலமையில இருந்தா அவசரமா சொல்றேன். வர்றவரோட கால்நடை மருத்துவ கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர முன்னாடியே கேளுங்க, 1984 கவுன்சில் சட்டப்படி அது இல்லாதவன் இந்த வேலைய தொடவே கூடாது. எந்த மருந்துன்னு பேரு கேளுங்க, சொல்லலன்னா வேணாம். முழு காசையும் முதல்லயே குடுக்காதீங்க. அரசு கால்நடை மருந்தகத்துல முதல்ல போய் கேளுங்க. ஏமாந்துட்டா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு கூப்பிடுங்க, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல. காலி ஆம்பூல தூக்கிப் போட்டுடாதீங்க, எங்ககிட்ட இப்ப இருக்கிற ஆதாரமே அதுதான்.

சேலத்துல வேற யாருக்காச்சும் இதே மாதிரி நடந்திருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேந்து கேஸ் போடலாம்.