கைக்குழந்தைக்கு எக்ஸ்ரே: பினாங்கில் நாங்கள் போன இடம்

மகனுக்கு 14 மாதம். மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை, டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். புலாவ் திக்குஸ் பக்கம் உள்ள ஒரு ஸ்கேன் மையத்துக்குப் போனோம். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் தைரியமாகப் போகலாம்.

இவன் ஐந்து மாதமாக இருந்தபோது வேறோர் இடத்தில் எடுத்தோம், பெயர் வேண்டாம். எங்களை வெளியே நிறுத்திவிட்டு இரண்டு பேர் அவனைப் பிடித்து அமுக்கியிருக்கிறார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் கத்தல் மட்டும் கேட்டது. அவன் அசைந்து படம் கலங்கிவிட, மறுபடியும் எடுத்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இங்கே எக்ஸ்ரே எடுத்த அக்கா முதலில் எங்களிடம் பேசினார். மனைவி மாசமாக இருப்பதைக் கேட்டறிந்து, "நீங்க வெளியே இருங்கம்மா, அப்பா வரட்டும்" என்றார். எனக்குக் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன், கழுத்துக்கும் ஒரு பட்டை. குளிப்பாட்டிய பிறகு நம் பாட்டிமார் சுற்றுவார்களே, அதுபோல மகனை இடுப்பிலிருந்து கால்வரை துணியால் சுற்றிப் படுக்க வைத்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, முழங்கை காதோடு ஒட்டும்படி என்னைப் பிடிக்கச் சொன்னார். அப்போதுதான் தலை திரும்பாதாம், கையும் படத்தை மறைக்காதாம். என் விரல் உள்ளே வராதபடி கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டத்தையும் சுருக்கினார்.

பிள்ளை அழுதான்தான். அவர் பதறவில்லை, அழுகைக்கு நடுவே அவன் மூச்சை உள்ளே இழுக்கும் நொடிக்காகக் காத்திருந்தார், ஏனென்றால் நுரையீரல் விரிந்திருக்கும்போதுதான் படம் தெளிவாக இருக்கும். டக்கென்று ஒரு சத்தம், முடிந்தது. ஒரே படம்.

"பச்சப்புள்ளைய இப்படியா பிடிச்சு வைப்பாங்க" என்று மாமியார் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயம்தான். ஆனால் தளர்வாகப் பிடித்து அவன் அசைந்தால் இன்னொரு தடவை கதிர் படும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, சில நாள்களில் இயற்கையாகவே நம்மேல் படும் அளவுதான், இருந்தாலும் தேவையில்லாமல் ஏன் இரண்டாவது?

குறையும் உண்டு. 50 நிமிடம் காக்க வைத்தார்கள், பசியில் இருக்கும் குழந்தைகளை முதலில் கூப்பிடலாம். கட்டணம் 90 ரிங்கிட்.

போகிறவர்கள் பால் புட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தாயத்து, சங்கிலி, உலோகப் பொத்தான் வைத்த சட்டை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், படத்தில் விழும்.