பர்கூரில் எடுத்த துணியும் கப்பலில் ஐந்து ராத்திரிச் சாப்பாடும்

டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பாஸ்போர்ட் வந்துவிட்டது. எனக்குத் தூக்கம் வராமல் செய்த ஒரே கேள்வி, கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது என்பதுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் காலாண்டு விடுமுறைக்கு எங்களையும் சேர்த்து ஐந்து இரவுக் கப்பல் பயணம் பதிவு செய்திருந்தார். வந்த தாளில் 'நான்கு இரவு கேஷுவல், ஒரு இரவு ஃபார்மல்' என்று போட்டிருந்தது. ஃபார்மல் புரிந்தது, பட்டு கட்டினால் முடிந்தது. கேஷுவல் என்றால் எதுவரை கேஷுவல்?

ஓரகத்திக்குப் போன் போட்டேன். "அக்கா, நைட்டியும் இல்லை, பட்டும் இல்லை. சாயங்காலம் சொந்தக்காரங்க வீட்டுக்குச் சாப்பிடப் போனா எப்படிப் போவீங்களோ அப்படி வாங்க" என்றாள். போய் வந்த பிறகு சொல்கிறேன், இதைவிடச் சரியான விளக்கம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

நான் காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். இருபது வருடமாகத் துணியோடுதான் பொழுது போகிறது. அதனால் இதைத் துணியைப் பற்றிய மதிப்புரையாகவே எழுதுகிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

துணியெல்லாம் பர்கூரில்தான் எடுத்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகும் சாலையில் இருக்கிற ஊர். சுற்று வட்டாரத்தில் கல்யாணம் என்றால் ஜவுளிக்கு முதலில் அங்கேதான் வண்டி கட்டுவோம், ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வந்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். செப்டம்பரில் போனால் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கத் தொடங்கியிருக்கும், கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. நிதானமாகத் தொட்டுப் பார்த்து எடுக்க அதுதான் நேரம். அத்தை, என் வீட்டுக்காரர், நான், பதினாறு வயது மகள், ஒன்பது வயது மகன், ஐந்து பேருக்கும் சேர்த்து 7,000 ரூபாய்க்குள் முடிந்தது.

முதலில் தோற்றுப்போன துணியைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசை ஆசையாக எடுத்த கஞ்சி போட்ட காட்டன் சேலை, 1,100 ரூபாய். சாம்பல் நிறம், மாம்பழ மஞ்சளில் கரை. கடையில் பிரித்துப் போட்டபோது கண்ணை எடுக்க முடியவில்லை. பெட்டியில் மடித்து வைத்து, காவேரிப்பட்டணத்திலிருந்து பெங்களூர் விமான நிலையம், அங்கிருந்து சிங்கப்பூர், அப்புறம் கப்பல் என்று இறங்கியபோது அது கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருந்தது. பரவாயில்லை, இஸ்திரிப் பெட்டி எடுத்து வந்திருக்கிறோமே என்று நினைத்தேன். ஆனால் ஏறும்போதே பெட்டியைச் சோதித்து இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள், இறங்கும்போது திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான கப்பல்களில் இதே கதைதான். கடல் நடுவில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை என்பதால் சூடாகிற சாமானை அறைக்குள் விடுவதில்லை. சில நிறுவனங்களின் கப்பல்களில் நாமே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளத் தனி அறை உண்டு, எங்கள் கப்பலில் இல்லை. கொடுத்து வாங்கலாம், உருப்படிக்கு இவ்வளவு என்று பட்டியல் வைத்திருந்தார்கள். அந்தக் காசுக்குப் பர்கூரில் இன்னொரு சேலையே எடுக்கலாம். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியில் தொங்கப் போட்டும் பார்த்தேன். கஞ்சி இளகித் துவண்டதே தவிர மடிப்பு போகவில்லை.

ஜெயித்தது 420 ரூபாய் கிரேப் சேலை. கருநீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அதை நான் 'சும்மா இருக்கட்டும்' என்று கடைசியாகக் கூடையில் போட்டேன். பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன், அவ்வளவுதான், மடிப்பே இல்லை. ஐந்து ராத்திரியில் இரண்டு ராத்திரி அதைத்தான் கட்டினேன். ஒரு நாள் சாம்பார் தெறித்தது, ராத்திரியே அலசித் தொங்கவிட்டேன், காலையில் காய்ந்திருந்தது. கப்பல் குளியலறைக்குள் இழுத்துக் கட்டுகிற கொடிக்கயிறு ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பாருங்கள், பலர் கவனிப்பதில்லை. கிரேப்பில் ஒரு குறை உண்டு, வழுக்கும். மேல்தளத்தில் காற்று எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். முந்தானைக்குத் தோளில் இரண்டு ஊக்கு, இடுப்பில் ஒன்று போட்டால்தான் நிற்கும். கொசுவத்தைக் கணுக்காலுக்கு ஓர் அங்குலம் மேலே தூக்கிச் செருகுங்கள். சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் எல்லாம் நிரம்பி வழியும், இரண்டு மூன்று தளம் படியில் இறங்க வேண்டி வரும், தரை லேசாக ஆடிக்கொண்டிருக்கும்.

முதல் ராத்திரி உணவறை வாசலில் நின்றபோது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. உள்ளே நுழைந்து உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் அது போய்விட்டது. வெள்ளை விரிப்பு, மூன்று விதக் கரண்டி எல்லாம் இருந்தாலும், சுற்றிப் பார்த்தால் எல்லாம் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான். தாத்தா, பாட்டி, கைக்குழந்தை எல்லாரும் இருந்தார்கள். ஒரு சிங்கப்பூர்க் குடும்பத்தில் அப்பாவும் இரண்டு பையன்களும் டீ சர்ட், முட்டி வரை கால்சட்டை, பின்பட்டை வைத்த செருப்பு. அவர்கள் வீட்டுப் பாட்டி பூப்போட்ட பருத்திச் சட்டை, கால்சட்டை, மேலே கம்பளிச் சட்டை. ஆஸ்திரேலியர் ஒருவரை மத்தியானம் நீச்சல் குளத்தருகே வெற்று மார்போடு பார்த்திருந்தேன், சாப்பாட்டுக்குக் காலர் வைத்த சட்டையும் லினன் பேண்ட்டும் போட்டு, ஈரத்தலையைச் சீவிக்கொண்டு வந்திருந்தார். அவர் மனைவிக்குத் தோளில் நாடா வைத்த நீளக் கவுன். பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம், பதினான்கு பேரும் ஒரே மாதிரி அச்சடித்த டீ சர்ட். எவரும் எவரையும் ஏற இறங்கப் பார்க்கவில்லை.

ஆனால் எதுவும் போடலாம் என்று அர்த்தமில்லை. என் மகன் இரண்டாம் நாள் குளத்திலிருந்து நேராக ஈர நிக்கரோடு ஓடி வந்தான். வாசலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே, மாற்றிக்கொண்டு வரும்படி சொல்லிவிட்டாள். நீச்சல் உடை, வெறுங்கால், ஆண்களுக்குக் கையில்லாத பனியன், இதெல்லாம் பெரிய உணவறைக்குள் பொதுவாக ஆகாது. மேல்தளத்தில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்கிற பஃபேயில் கொஞ்சம் விட்டுப் பிடிப்பார்கள், அங்கேயும் ஈரத்தோடு உட்காரக் கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். நார்வீஜியன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே ஃபார்மல் கட்டாயத்தை விட்டுவிட்டது. கார்னிவல் கப்பல்களில் 'குரூஸ் கேஷுவல்', 'குரூஸ் எலிகண்ட்' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள். குனார்ட் கப்பல்கள் பழைய மரபுக்காரர்கள், மாலை 6 மணிக்கு மேல் அரைக்கால் சட்டையோடு உலாவ எல்லா இடத்திலும் விடமாட்டார்கள். எதில் போகிறீர்களோ அந்தக் கப்பலின் தாளை ஒரு முறை படித்துவிட்டுப் பர்கூருக்குப் போங்கள்.

வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பேண்ட் இரண்டு, காலர் டீ சர்ட் மூன்று, ஒட்டிக்கோ வேட்டி ஒன்று எடுத்திருந்தோம். வேட்டியை உள்ளே விடுவார்களா என்று அவருக்குச் சந்தேகம். மூன்றாம் நாள் அக்டோபர் 2. "காந்தி ஜெயந்திக்காவது கட்டுங்க" என்று நான்தான் சொன்னேன். மேலே போட அதற்கு முந்தின நாள் பினாங்கில் வாங்கிய பாத்திக் சட்டை. பினாங்கில் கப்பல் துறையிலிருந்து குட்டி இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம், கடைக்காரர்கள் தமிழிலேயே விலை சொல்கிறார்கள். 45 ரிங்கிட் கேட்டார்கள், கொடுத்தோம். மெல்லிய பருத்தி, பழுப்பில் நீலக் கொடி.

அன்று ராத்திரி எங்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்த இந்தோனேசியக் குடும்பம், பாட்டி முதல் பேத்தி வரை, ஏழு பேரும் பாத்திக்கில் வந்தார்கள். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் அந்தக் குடும்பத்துத் தாத்தா எழுந்தே நின்றுவிட்டார். தாத்தாவின் மகன்தான் ஆங்கிலத்தில் சொன்னார், அக்டோபர் 2 அவர்கள் நாட்டில் பாத்திக் நாள். 2009-இல் அதே தேதியில் யுனெஸ்கோ இந்தோனேசிய பாத்திக்கை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அவர்கள் ஊரில் முழுக்கை பாத்திக் சட்டை என்றால் கோட்டு சூட்டுக்குச் சமம், கல்யாணத்துக்கும் அரசாங்க விழாவுக்கும் அதுவே போதும் என்றார். வேட்டியைப் பற்றி அந்த மகன் கேட்டார், என் வீட்டுக்காரர் காந்தியைச் சொன்னார், கதரைச் சொன்னார். இதற்குள் அத்தையும் அந்தப் பாட்டியும் பேச்சே இல்லாமல் வேறொரு வேலையில் இருந்தார்கள். அத்தை கட்டியிருந்தது சுங்குடிச் சேலை. அந்தம்மா முந்தானையை விரலால் தடவி, ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தார். துணியை முடிச்சுப் போட்டுக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பதை அத்தை கைக்குட்டையில் முடிந்தே காட்டினார். அந்தம்மா தன் துணியில் மெழுகு ஊற்றுகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினார். சாயம் பிடிக்காமல் இருக்க அவர்களுக்கு மெழுகு, நமக்கு நூல். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சூப் ஆறிப்போனது, ஒருவரும் கவலைப்படவில்லை.

ஒட்டிக்கோ வேட்டிக்கு முழு மதிப்பெண். நழுவாது, உள்ளே பை இருக்கிறது. அந்தப் பை ஏன் முக்கியம் என்றால், கப்பலில் அறைச் சாவியும் ஓர் அட்டைதான், கடையில் பணமும் அதே அட்டைதான். அதை வைக்க ஆண்களுக்கு ஆளுக்கு நாலு பை. என் மகளுக்கு எடுத்த 380 ரூபாய் குர்த்தி பலாஸோவில் ஒரு பைகூட இல்லை. இது துணி செய்கிறவர்கள் பெண்களுக்குச் செய்கிற அநியாயம் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். புறப்படும் முன்பே பலாஸோவின் பக்கத் தையலைப் பிரித்து ஒரு பை வைத்துத் தைத்தேன், எனக்கும் அத்தைக்கும் பாவாடையின் நாடாவுக்குக் கீழே அட்டை அளவுக்கு ஒன்று. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற தொல்லை எங்களுக்கு இல்லை.

மகனுக்கு எடுத்த மெரூன் குட்டை ஜிப்பா ஏமாற்றிவிட்டது. "சாயம் போகாதும்மா, நான் கேரண்டி" என்றார் கடைக்காரர். கைக்குட்டை முனையை நனைத்து உள்தையலில் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும், எல்லாருக்கும் சொல்கிற நான் அன்று அவசரத்தில் விட்டுவிட்டேன். பினாங்கில் மழையில் நனைந்தான். ராத்திரி சாப்பாட்டில் கை துடைத்த வெள்ளைத் துணியெல்லாம் ரோஜா நிறம், கழுத்திலும் கறை. ஒன்பது வயதுப் பிள்ளை கூச்சப்பட்டுப் பாதியில் எழுந்துவிட்டான். அந்தக் கடைக்கு இனி நான் போகப் போவதில்லை. பிறகு அவனுக்குக் காலர் டீ சர்ட்டும் அரைக்கால் சட்டையும்தான், பிள்ளைகளுக்கு அது தாராளமாகப் போதும்.

குளிர் இருக்கிறதே, அதை எவரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வெளியே நம்ம ஊர் மே மாதம் மாதிரி புழுங்கும், உணவறைக்குள் மார்கழி. அத்தை முதல் நாள் பாதிச் சாப்பாட்டிலேயே நடுங்கினார். வீட்டுக்காரருக்கு விழாவில் போர்த்திய சால்வை ஒன்றைப் பெட்டியில் துணிகளுக்கு மேல் போட்டு எடுத்து வந்திருந்தோம், அதுதான் ஐந்து ராத்திரியும் அத்தையைக் காப்பாற்றியது. சாப்பிட்ட பிறகு நாடகம், பாட்டு என்று அரங்கத்துக்குப் போவீர்கள், அங்கே இன்னும் குளிரும். ஆளுக்கொரு சால்வை அல்லது மெல்லிய கம்பளிச் சட்டை கட்டாயம்.

ஃபார்மல் ராத்திரிக்கு நான் கட்டியது பர்கூரில் 850 ரூபாய்க்கு எடுத்த, சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்ச் சேலை. எடை இல்லை, மினுமினுப்பு அளவாக, மடிப்பும் அதிகம் விழவில்லை. என் கல்யாணப் பட்டை எடுத்துப் போகாதது நல்லதாகப் போயிற்று. கடைசி ராத்திரிக்கு ஒரு விஷயம் ஞாபகம் வையுங்கள். பெரிய பெட்டிகளை ராத்திரியே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் கிடைக்கும். சாப்பாட்டுக்குப் போட்ட துணியும் மறுநாள் போட வேண்டிய துணியும் கைப்பைக்குள் அடங்க வேண்டும். கிரேப் சேலை சுருட்டினால் ஒரு துண்டு அளவுதான் வந்தது.

எங்கள் தெருவிலேயே இன்னொரு குடும்பம் வருகிற மே மாதம் கப்பலில் போகிறார்கள். அந்தப் பெண் போன வாரம் மூன்று பாவாடை கொண்டு வந்து கொடுத்தாள். அட்டை வைக்கிற பைக்கு ஒன்பது சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் ஆழம், வாய்க்கு ஒரு பிரஸ் பட்டன். தைத்து வைத்துவிட்டேன், வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.