இரண்டு பக்கச் சாணைக்கல்: கத்திக்குத் திறம், உளிக்கு வேண்டாம்

யாழ்ப்பாண நகரில் ஒரு இரும்புக்கடையில் 900 ரூபாய்க்கு வாங்கிய சாணைக்கல் இது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. மீன் வெட்டுகிற கத்தி, அரிவாள், கோடரி எல்லாவற்றுக்கும் திறம். ஆனால் என்னைப் போல உளி தீட்டுகிற தச்சு வேலைக்காரருக்குச் சரிவராது.

கல் மெது. தீட்டத் தீட்ட நடுவில் குழிந்துவிடுகிறது. அந்தக் குழியில் உளியை வைத்தால் வாயின் இரண்டு மூலையும் தேய்ந்து, நடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். நிலைக்குத் துளை போடும்போது அடி சமனாக வராது. கடையில் போய்ச் சொன்னேன். “அண்ணை, கல்லெண்டால் தேயும்தானே” என்றான் பெடியன்.

அதுவும் சரிதான். இங்கிலாந்தில் ஏவ்பரிக்குப் பக்கத்தில், ஃபைஃபீல்ட் டவுன் என்ற மேட்டுநிலத்தில், புதிய கற்கால மனிதர் கற்கோடரி தீட்டிய பாறை ஒன்று கிடக்கிறது. மேலே வரிசையாக நீளப் பள்ளங்கள், பக்கத்தில் வழுவழுப்பான ஒரு குழி. உளிக்கு ஆகாத குழிதான் அந்தக் கோடரிக்கு வேண்டியது. கோடரியின் கன்னம், அதாவது பக்கவாட்டு, புடைத்தது. குழிக்குள் வைத்து உரசினால் புடைப்புக் கெடாது. கொத்திய கல்லில் மேடு பள்ளம் இருந்தால் அடிபடும்போது அங்கிருந்துதான் வெடிக்கும், அதனால்தான் அவ்வளவு தேய்ப்பு. மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் கள்ளுச் சீவுகிற தொழிலாளி தீட்டுத்தடியில் கல்மாவைத் தூவிப் பாளைக்கத்தி தீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இரும்பைத் தின்பது மாவு, தடியல்ல.

பிரான்சிலும் இப்படிப்பட்ட பாறைகள் நிறைய. சிலதுக்குச் ‘சாத்தானின் நகம்’ என்று பெயர், ஒன்றுக்குப் ‘பத்து விரல் கல்’. தீட்டி முடித்த கோடரிகளுக்கும் கதை உண்டு. இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று ஐரோப்பாவில் நம்பி, மின்னல் அண்டாமல் வீட்டில் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் சேர்வராயன் மலைப்பக்கம் அவற்றைச் சாமியாக வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம். குந்தியிருந்து நாள் நாளாகத் தேய்த்தவன் ஒருத்தன், பேர் சாத்தானுக்கா? நாளைக்கு நான் செய்த கதவைப் பார்த்தும் பூதம் செய்தது என்பார்கள்.

எங்கள் குடாநாட்டில் அப்படி ஒரு பாறையைத் தேடவும் வழியில்லை. கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். இரும்பை வைத்து உரசினால் கல்தான் மாவாகும். கருங்கல் என்றால் வெளியே இருந்துதான் வரவேண்டும். ஆகவே கடைக்கல்தான் கதி.

வாங்கியவர்களுக்கு: தடித்த கண்ணாடித் துண்டில் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) விரித்து, தண்ணீர் விட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள், குழி சமனாகும். தேய்க்க முன் கல்லின்மேல் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு முழுக்க அழியும்வரை விடக்கூடாது. இரவிரவாக வாளியில் ஊறப்போட வேண்டாம். என்னுடையதில் இரண்டு பக்கமும் ஒட்டு விட்டுத் தனித்தனியாக வந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை.