மலைமேல் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையம்

எங்கள் மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருக்கும் ஒரே செவிலியர், பிரசவ அறையில் இருக்கும் பெண்ணையும் பாம்புக்கடியுடன் தூக்கிவரப்படுபவரையும் ஒருசேரக் கவனித்துக்கொள்கிறார். அவருடைய பொறுமைக்கு முழு மதிப்பெண் தரலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருவதும் பெரிய ஆறுதல்.

ஆனால் மகப்பேறு மருத்துவரோ மயக்க மருந்து நிபுணரோ தேவைப்பட்டால், கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்துக்கு இறங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் நிறைமாதக் கர்ப்பிணிக்கு அந்தப் பயணமே ஆபத்தானது. 2018-20 காலத்தில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்திய அளவில் 97ஆகவும் தமிழ்நாட்டில் 54ஆகவும் இருந்தது. பெருமைப்படத்தக்க எண்தான், எனினும் மருத்துவக் கல்லூரிகள் நிறைந்த சமவெளியையும் மருத்துவர் வராத மலையையும் ஒரே கணக்கில் சேர்க்கும் அந்தச் சராசரியில் எங்கள் ஊரின் பற்றாக்குறை தெரிவதே இல்லை. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு நிலையம் என்ற விதிமுறை இங்கே கட்டடத்தளவில் நிறைவேறியிருக்கிறது. இரவுக்கு இன்னொரு செவிலியரையும், மலையிலேயே தங்கும் மருத்துவருக்குக் குடியிருப்பையும் சுகாதாரத் துறை உடனே தர வேண்டும்.